மறு: மறு: ஸ்டீம் டொங்கிக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கு முன் வேண்டும்)

அனுப்புநர்: வெள்ளவத்தை வாசகி

குழுமத்தாருக்கு வணக்கம். பழைய லொறி, இயந்திரப் பிரியர்களுக்கான படக்கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வட அமெரிக்கக் காடுகளில் மரம் வெட்டி இழுத்த காலத்து வாகனங்கள். படத்தைப் பார்த்து இன்னது என்று எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் நூலின் வேலை. பதிப்பகத்தார் வெள்ளிக்கிழமை கேட்கிறார்கள்.

முதற் சிக்கல் ஸ்டீம் டொங்கி. ஜோன் டொல்பியர் 1881இல் கலிபோர்னியாவின் யுரேக்காவில் உருவாக்கியது. நிமிர்ந்த கொதிகலன், ஒற்றை உருளை எஞ்சின், பக்கத்தில் கயிறு சுற்றும் உருளி. இது ஓடாது. நின்ற இடத்தில் நின்றபடி, தூரத்தில் விழுத்திய மரக்குற்றியைக் கயிற்றால் இழுத்தெடுக்கும்.

அடுத்தது லொம்பார்ட். மெய்ன் மாநிலத்து அல்வின் லொம்பார்ட் 1901இல் காப்புரிமை பெற்றது. பார்வைக்கு ரயில் எஞ்சின்தான், ஆனால் முன்னால் சறுக்குக்கட்டை, பின்னால் புல்டோசருக்கு இருப்பது போன்ற பட்டி. மரம் ஏற்றிய சறுக்குவண்டிகளைத் தொடுத்துக்கொண்டு பனிப்பாதையில் தானே போகும்.

எனக்கு முன் இதைத் தொட்டவர் இரண்டுக்கும் "இழுவை இயந்திரம்" என்று எழுதிவைத்திருக்கிறார். நிற்பதையும் போவதையும் வாசகர் எப்படிப் பிரித்தறிவார்?

அனுப்புநர்: சொல்லேருழவன், கொட்டாஞ்சேனை

மகளே, தமிழில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது. தன் இடத்தில் இருந்துகொண்டு மற்றதைத் தன்பால் வரச்செய்வது ஈர்த்தல். புவியீர்ப்பு என்கிறோம், பூமி எழுந்துபோய் மாங்காயைப் பிடுங்குவதில்லை. கூடவே கொண்டு நகர்வது இழுத்தல். ஆகவே டொங்கி ஈர்பொறி, லொம்பார்ட் இழுபொறி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"இயந்திரம்" என்று எழுதுவதையும் விடுங்கள். ஐங்குறுநூறு 55ஆம் பாட்டில் "கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்" என்று வருகிறது. யானை பிளிற, ஆலை மறுமொழி சொல்ல, பொறியும் யானையும் ஒரே அடியில் நிற்கின்றன. மரம் இழுத்த யானையின் இடத்துக்கு நீராவிப்பொறி வந்த கதைக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை கிடைக்குமா?

அனுப்புநர்: வன்னியான், தெஹிவளை

ஐயா, பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா மரக்காரனுக்கு ஈர்தல் எண்டால் வாளால அரியிறது. ஈர்வாள் எண்ட சொல் உங்களுக்குத் தெரியாததே? மரக்காலை வாசலில "ஈர்பொறி" எண்டு எழுதிப் போட்டால், சனம் முதிரைக் குத்தியை ஏத்திக்கொண்டு வந்து "ரெண்டு அங்குலப் பலகையா அரிஞ்சு தாங்கோ" எண்டு நிக்கும். வேற எந்தத் துறையெண்டாலும் ஈர்பொறி சரி, இந்தத் துறைக்கு மட்டும் சரிவராது.

அனுப்புநர்: சொல்லேருழவன், கொட்டாஞ்சேனை

ஈர்வாளை மறக்கவில்லை. இரண்டாக்குவதால் ஈர்தல், இரு, ஈர், இரண்டு எல்லாம் ஒரே குடும்பம். இழுத்தல் பொருளில் வரும் ஈர் வேறு வேர் என்பாரும் உளர். எனக்கு உடன்பாடில்லை. ஓலையிலிருந்து பிரித்து இழுத்து எடுப்பதுதானே ஈர்க்கு? அங்கே பிரித்தலும் இழுத்தலும் ஒன்றாகிவிடுகின்றன. தலையில் இருக்கும் ஈரும்கூட, சீப்பால் இழுத்துப் பிரிக்கப்படுவது என்று நோக்கினால்…

அனுப்புநர்: மட்டுறுத்துநர்

ஐயா, பேன்சீப்பு வரை வந்துவிட்டோம். அந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை கெடு.

அனுப்புநர்: கிரீஸ்கை, பஞ்சிகாவத்தை

டொங்கியை டொங்கி எண்டே விடுங்கோ. அது காட்டில பிறந்த பேரில்லை. கப்பலில பாரம் தூக்கவும் தண்ணி இறைக்கவும் நிண்ட சின்ன நீராவி எஞ்சினுக்குத்தான் முதல்ல அந்தப் பேர், பேந்துதான் காட்டுக்குப் போனது. "கழுதைப்பொறி" எண்டு ஆரும் மாத்தினால் நான் இந்தக் குழுமத்தில இருக்கமாட்டன். அதோட ஒரு வேடிக்கை: ஆரம்பகால டொங்கியில இழுத்து முடிச்ச கயிறைத் திரும்பக் காட்டுக்குள்ள கொண்டுபோனது ஒரு குதிரை. கழுதைக்குக் குதிரை எடுபிடி! இடம் மாத்த வேணுமெண்டால் கயிறைத் தூர நிக்கிற மரத்தில கட்டிப்போட்டுத் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகும். அடியில பெரிய சறுக்குமரம் ரெண்டு கிடக்கும். படத்தில டொங்கியைக் கண்டுபிடிக்க அதைத்தான் பாக்கோணும். சில்லு இருக்காது.

தங்கச்சி, நீங்கள் கேக்காத இடத்திலதான் பெரிய குழி. அந்தப் புத்தகத்தில மாக் ஏசி லொறி, "புல்டோக்" எண்டு கூப்பிடுறது, கட்டாயம் வரும். 1916 தொடக்கம் 1939 வரை செய்தவங்கள். செயின் ட்ரைவ், எஞ்சின்ர விசையைச் செயின்தான் பின்சில்லுக்குக் கொண்டுபோகும். அதைச் "சங்கிலி லொறி" எண்டு எழுதிப்போட்டால் முடிஞ்சுது. எங்கட ஒப்பரேட்டர்மார் டோசரின்ர பட்டியைத்தான் செயின் எண்டுவினம். குத்தியைக் கட்டுறதும் சங்கிலி, வாளும் செயின் வாள். புல்டோக்கும் புல்டோசரும் வேற பக்கத்தில பக்கத்தில நிக்கும். வாசிக்கிறவன் எதை எதெண்டு நினைப்பான்?

அனுப்புநர்: வெள்ளவத்தை வாசகி

ஐயோ அண்ணை, வரைவில் "சங்கிலி லொறி" என்றே இருக்கிறது. "சங்கிலிச் செலுத்துகை" என்று மாற்றினால் சரியா? பட்டிக்கு என்ன போடுவது?

அனுப்புநர்: சொல்லேருழவன், கொட்டாஞ்சேனை

ஊர்ந்து செல்வதால் ஊர்பட்டி. லொறிக்கும் சொல் தேடவேண்டாம், வள்ளுவரே தந்திருக்கிறார்: "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்." சாகாடு என்றால் வண்டி. மரச்சாகாடு என்று போடுங்கள்.

அனுப்புநர்: கிரீஸ்கை, பஞ்சிகாவத்தை

ஐயா கோவிக்கக்கூடாது. மாக் ஏசியில அச்சு அவ்வளவு லேசில இறாது. பின்னச்சு சுத்தாது, பாரத்தைத் தாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும். நடுவில ஒரு குறுக்குத்தண்டு, அதின்ர ரெண்டு நுனியிலயும் சின்னப் பற்சில்லு, அங்கயிருந்து பக்கத்துக்கு ஒரு செயின் போய்ப் பின்சில்லைச் சுத்தும். மரக்காரருக்கு அது பிடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் குறளைப் போட்டால் இந்த லொறிக்கு அவதூறு.

அனுப்புநர்: வன்னியான், தெஹிவளை

ஊர்பட்டி எண்டு வாசிக்கேக்கை எனக்கு "ஊர்ப்பட்ட சனம்" எண்டுதான் காதில விழுது. இல்லாட்டி ஊர் மாட்டுப்பட்டி. ஹோல்ட் கம்பனியின்ர பட்டி மெஷினைப் பாத்தவன் புழு ஊருற மாதிரி எண்டு சொன்னதிலதான் கற்றர்பில்லர் எண்ட பேரே வந்ததாம். நாங்கள் மயிர்க்கொட்டிப்பட்டி எண்டு வைப்பமே? எழுதிப்போட்டு எனக்கே தோல் கடிக்குது. "தொடர்பட்டி" போதும்.

கற்றர்பில்லர் பகுதியில ஒண்டு பாருங்கோ. மஞ்சள் நிறம் 1931 கடைசியிலதான் வந்தது, அதுக்கு முந்திச் சாம்பல். ஹோல்ட், பெஸ்ட் எண்ட ரெண்டு கம்பனியும் ஒண்டாச் சேர்ந்து கற்றர்பில்லர் ஆனது 1925. இருபதுகளின்ர மெஷின் மஞ்சளா நிண்டால் ஆரோ பிறகு அடிச்ச பெயின்ற். கல்லோயாவில மொரிசன்-நுட்சன் எண்ட அமெரிக்கக் கம்பனி அணை கட்டின காலத்து டோசரைப் பற்றி எங்கட பெரியாக்கள் சொன்ன கதையிலயும் மஞ்சள்தான், அது சரி, அது ரெண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு.

அனுப்புநர்: வெள்ளவத்தை வாசகி

எல்லாருக்கும் நன்றி. இன்றிரவு அனுப்புவது இதுதான்: டொங்கிக்கு "நிலை இழுபொறி", முதல் முறை வரும் இடத்தில் மட்டும் டொங்கி என்ற பெயரும் பக்கத்தில். லொம்பார்டுக்கு "தொடர்பட்டி இழுவை எஞ்சின்". மாக்குக்கு "சங்கிலிச் செலுத்துகை லொறி". லொறி லொறியாகவே இருக்கும், ஐயா மன்னிக்கவேணும்.

அனுப்புநர்: சொல்லேருழவன், கொட்டாஞ்சேனை

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், சொல்லுக்கு அல்ல. "இழுபொறி"யை அச்சில் எவராவது "இழுபறி" ஆக்குவார். அன்றைக்கு என்னை நினைப்பீர்கள். ஈர் பற்றிய முழுக் கட்டுரையைத் தனிமடலாக அனுப்புகிறேன், விரும்புவோர் கேட்கலாம்.

அனுப்புநர்: கிரீஸ்கை, பஞ்சிகாவத்தை

இழுபறி எண்டு அச்சடிச்சாலும் இந்த மடலாடலுக்குப் பொருந்தும்.

தங்கச்சி, நீங்கள் இணைச்ச மாதிரிப் பக்கத்தில "மாக் ஏசி" எண்டு போட்டிருக்கிற படத்தை இப்பதான் பெருப்பிச்சுப் பாத்தன். முன்முகத்தில ரேடியேட்டர் நிமிர்ந்து நிக்குது. ஏசிக்கு ரேடியேட்டர் எஞ்சினுக்குப் பின்னால, மூக்கு சரிஞ்சு மூடிக்கிடக்கும். அது வேற ஏதோ லொறி. செயின் இருக்கிறதெல்லாம் மாக் இல்லை, அந்தக் காலத்தில செயினோட வேற லொறியளும் ஓடினது. முன்னுக்கு இருக்கிற கம்பனிச் சின்னம் தெரியிற படம் வேற இருந்தால் இரவைக்குள்ள அனுப்புங்கோ.