மறு: குவயட் பீரியட் - 'மௌனகாலம்' சரிவருமா?

> 'மௌனகாலம்' என்றே வைத்துவிடலாமே ஐயா, யாருக்கும் புரியும்.

வணக்கம். 'குவயட் பீரியட்' (quiet period) என்பது, காலாண்டு நிதிமுடிவு வெளியாகும்முன் ஒரு நிறுவனம் தன் வருமானக் கணிப்பைப் பற்றிப் பேசாதிருக்கும் நாட்கள். அதை 'மௌனகாலம்' என்றால் புரியும், ஆனால் தப்பாகப் புரியும். மௌனம் சம்மதம் என்பது நம் ஊறிப்போன பழக்கம். இந்தச் சொல்லோ நேர் எதிரானது. சில்லு நிறுவனமான இன்டெலின் பழைய காலாண்டு அறிக்கைகளில், 'இன்ன தேதி முதல் முடிவு வெளியாகும்வரை, முன்பு சொன்ன கணிப்பைப் பழங்கதையாகவே கொள்ளுங்கள். புதுப்பிக்க மாட்டோம்' என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கும். பேசாமலிருப்பதால் 'கணிப்பு நிற்கிறது' என்றும் ஆகாது, 'கவிழ்ந்தது' என்றும் ஆகாது.

சட்டம் இதை நேரடியாகக் கேட்பதில்லை. முக்கியத் தகவலை ஒரு பங்குச்சந்தை ஆய்வாளர் காதில் மட்டும் ஓதக்கூடாது என்ற அமெரிக்க விதி 2000 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்த வம்பே வேண்டாமென்று நிறுவனங்கள் தாமாகவே வாயைக் கட்டிக்கொள்கின்றன. (நம் இந்தியாவில் காலாண்டு முடிந்தது முதல், முடிவு வந்து 48 மணி நேரம்வரை நிறுவனத்தின் உள்விவரம் அறிந்தவர்கள் அதன் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. அது கையைக் கட்டுவது, குழப்ப வேண்டாம்.)

2024-ஐ நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 1 அன்று சுமார் 15,000 பேர் ஆட்குறைப்பு, ஈவுத்தொகை நிறுத்தம் என்று இன்டெல் அறிவித்தது; மறுநாள் பங்கு 26% விழுந்தது. செப்டம்பரில் இன்னொரு சில்லு நிறுவனமான குவால்காம் இன்டெலை விலைபேச வந்ததாகச் செய்தி. இன்டெல் கருத்துச் சொல்லவில்லை. ஆளாளுக்கு ஒரு கதை! ஆனால் வதந்திக்கு வாய் திறக்காதது வேறு, நாள் குறித்துப் பேசாமலிருப்பது வேறு. 'மௌனகாலம்' இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும். (அக்டோபர் 31-இல் 1,660 கோடி டாலர் நட்டம் என்று சொன்னார்கள், அதற்குப் பிறகு பங்கு ஏறியது! சந்தையை யார் கண்டார்?)

தானே விரும்பி ஏற்பது, நாள் குறித்தது, முடிவில் கலைப்பது. நமக்கு இதற்கு 'நோன்பு' இருக்கிறதே. என் பரிந்துரை: பேசாநோன்பு.

---

> பேசாநோன்பு

அழகுதான் ஐயா, ஆனால் ஆண்டறிக்கையில் போட்டால் தணிக்கையாளர் பிரசாதம் கேட்பார். 'சொல்லடக்கக் காலம்'?

---

நொடித்துக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கு 'அடக்கம்' வேண்டாம் அம்மா, சுடுகாடு ஞாபகம் வருகிறது. 'பேசாக்காலம்'? 'நிறுவனம் பேசாக்காலத்தில் இருக்கிறது', 'பேசாக்காலம் முடிந்தது' - நாக்கில் தடுக்காமல் வருகிறது.

---

பேசாக்காலம் சரி. விக்சனரியில் ஏற்றுகிறேன், நோன்பை இணைச்சொல்லாகப் போட்டுவிடுகிறேன். அடுத்து 'கைடன்ஸ்' (guidance), அதாவது நிறுவனம் முன்கூட்டிச் சொல்லும் கணிப்பு. தயவுசெய்து யாரும் 'வழிகாட்டல்' என்று தொடங்காதீர்கள்.