டெல்ஃபின் டெல்ரூ: பாரிஸில் முதல் சுற்றோடு போனவர் ஒரே வருடத்தில் இப்படி?

மொட்டைமாடி_கோர்ட்:
பேட்மிண்டனில் மிக்ஸ்டு டபுள்ஸை (கலப்பு இரட்டையர்) ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தது சமீபத்தில்தான், அதனால் கேட்கிறேன். 2025 ஜூனில் ஜகார்த்தாவில் இந்தோனேசியா ஓப்பன் ஃபைனலில் பிரான்ஸின் டெல்ரூவும் அவர் ஜோடி டோம் ஜிக்கெலும் தாய்லாந்தின் டெச்சபோல் - சுபிஸ்ஸாரா ஜோடியை இரண்டே கேமில் முடித்துவிட்டார்கள். உலக டூரில் மிக உயர்ந்த வரிசைப் போட்டியான சூப்பர் 1000 பட்டம், சாதாரண விஷயமா! ஆனால் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் இவர்கள் குரூப்பையே தாண்டவில்லை. நடுவில் என்னதான் நடந்தது?

பேக்ஹேண்ட்_பாண்டி:
பாரிஸை வைத்து எடை போடாதீங்க. அந்தக் குரூப்பில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள்: தங்கம் வாங்கிய சீனாவின் ஜெங் சிவெய் - ஹுவாங் யாச்சியோங், வெள்ளி வாங்கிய கொரியாவின் கிம் வொன்ஹோ - ஜியோங் நாயூன், அதோடு இந்தோனேசிய ஜோடி. ஃபைனலில் மோதிய இரண்டு ஜோடியும் ஒரே குரூப்! அந்தக் கொரிய ஜோடியே மூன்றில் ஒன்றை மட்டும் ஜெயித்துத் தட்டுத்தடுமாறித்தான் காலிறுதிக்குப் போனது. சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் இப்படி ஒரு குரூப் மாட்டினால் யாரும் திணறத்தான் செய்வார்கள்.

டிராப்ஷாட்:
சரி, ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கே. ஜெங் சிவெய் 2024 கடைசியில் விலகிவிட்டார். டெச்சபோலும் சப்சிரீயும் பிரிந்தார்கள், ஜப்பானின் வத்தனபே - ஹிகாஷினோ பிரிந்தார்கள், கொரியாவின் சியோ சுங்ஜே மிக்ஸ்டையே விட்டுவிட்டு ஆண்கள் இரட்டையருக்குப் போய்விட்டார். களம் காலியானதும் இவர்கள் மேலே வந்தார்கள், அவ்வளவுதான். 2025 ஜனவரியில் டெல்லியில் இந்தியா ஓப்பன் ஃபைனலில் சீனாவின் ஜியாங் - வெய் ஜோடியிடம் தோற்றதை மறந்துவிட்டோமா?

நெட்_ஓரம்:
களம் காலியாக இருந்தது எல்லா ஜோடிக்கும்தானே? மற்றவர்கள் புது ஆளோடு முதலிலிருந்து தொடங்கியபோது இவர்கள் இருவரும் பல வருடமாகச் சேர்ந்தே ஆடிக்கொண்டிருந்தார்கள், எனக்கென்னவோ அதுதான் காரணம் என்று படுகிறது. ஜிக்கெல் பிரான்ஸின் பிரித்தானி பக்கத்துப் பையன், டெல்ரூ கரீபியனில் இருக்கும் செயின்ட் மார்ட்டின் தீவுக்காரர், இருவரும் ஜூனியர் வயசை முடித்த கையோடு சேர்ந்தவர்கள்.

ஆட்டத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். மிக்ஸ்டில் ஜிக்கெல் சர்வ் போடும்போது டெல்ரூ அவருக்கு முன்னால், நெட்டுக்குப் பக்கத்தில் ராக்கெட்டைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். எதிரணியின் முதல் வேலையே அந்தப் பெண்ணை அங்கிருந்து கிளப்பிப் பின்னால் அனுப்புவதுதான்: தலைக்கு மேலே தூக்கிப் போடுவார்கள், இல்லை உடம்புக்கே அடிப்பார்கள். பின்னால் போன பெண் வெறும் கிளியர் (எதிரணியின் பின்கோடு வரை உயரத் தூக்கிவிடும் அடி) போட்டுக்கொண்டிருந்தால் ஜோடி காலி. டெல்ரூ முன்பு லேயா பலெர்மோவோடு பெண்கள் இரட்டையரும் ஆடியவர், அதில் இருவரும் மாறி மாறிப் பின்கோர்ட்டில் நின்று அடித்தே ஆகணும். அந்தப் பழக்கம் வீணாகுமா? ஷட்டிலைத் தூக்கிப் போட்டால் ஸ்மாஷ், அடுத்த அடிக்குள் மறுபடி முன்னால், ஜிக்கெலும் பதறாமல் இடம் மாறிக்கொள்வார்.

மொட்டைமாடி_கோர்ட்:
ஓ, அதனால்தான் அந்த ஃபைனலில் இருவரும் இடம் மாறிக்கொண்டே இருந்தார்களா! அப்புறம், ஆகஸ்டில் பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலமும் வாங்கினார்கள், இல்லையா?

பேக்ஹேண்ட்_பாண்டி:
ஆமாம், அதுவும் ஒலிம்பிக்கில் தோற்ற அதே போர்ட் த லா ஷபெல் அரங்கில். அதற்கு முன் உலக சாம்பியன்ஷிப்பில் பிரான்ஸுக்குப் பதக்கம் என்றால் 2009 ஹைதராபாத்தில் பி ஹொங்யான் பெண்கள் ஒற்றையரில் வாங்கிய வெண்கலம்தான். 16 வருட இடைவெளி. இதையும் அதிர்ஷ்டம் என்பீர்களா, டிராப்ஷாட்?

டிராப்ஷாட்:
வெண்கலத்துக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன், உழைத்து வாங்கியது. ஆனால் ஒரு பெரிய ஃபைனலில் ஜியாங் - வெய்யை அடிக்கட்டும், அப்புறம் பேசுவோம்.