மறு: ‘கிரிட்டிக்கல் ஃபேபுலேஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘விமர்சனப் புனைவு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் கிரிட்டிக்கல் ஃபேபுலேஷன் (critical fabulation) என்பது, பதிவேடுகளில் விடுபட்டுப்போனவர்களைப் பற்றி, சான்றுகளை மீறாமல், தெரியாததைத் தெரியாததாகவே காட்டிப் புனையும் எழுத்துமுறை. ‘விமர்சனப் புனைவு’ என்றால் படிப்பவர் ‘எதையோ விமர்சிக்கும் கதை’ என்றுதான் எடுத்துக்கொள்வார். கேலிக்கதையைக்கூட அப்படிச் சொல்லிவிடலாம்.

அமெரிக்க ஆய்வாளர் சய்தியா ஹார்ட்மன் 2008-இல் ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லைக் கொண்டுவந்த இடத்தைப் பாருங்கள். அடிமைக் கப்பலின் தலைவர் ஜான் கிம்பர் இரண்டு சிறுமிகளைக் கொன்றதாக 1792-இல் லண்டனில் வழக்கு நடந்தது. அவர் விடுதலையாகிவிட்டார். சிறுமிகளில் ஒருத்தியைப் பற்றி ‘வீனஸ்’ என்ற பெயரைத் தவிர ஏறத்தாழ எதுவுமே பதிவில் இல்லை. அந்த இரண்டு பேரும் கப்பலில் தோழிகளாக இருந்திருந்தால் என்று எழுதிப் பார்க்க ஹார்ட்மனுக்கு ஆசை. ஆனாலும் எழுதாமல் நின்றுவிடுகிறார். இருந்திருக்கலாம், நடந்திருக்கக்கூடும் என்ற வினைமுற்றுகளுக்குள்ளேயே கதை நகர வேண்டும், பதிவில் உள்ள ஓட்டை அப்படியே ஓட்டையாகத் தெரிய வேண்டும் என்பது அவர் வழி. (இந்த வினைமுற்றுகளுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை!)

அதனால் இந்த இழையில் முன்பு ஒருவர் பரிந்துரைத்த ‘இடைநிரப்புப் புனைவு’ம் சரிவராது. நிரப்புவது வழக்கமான வரலாற்றுப் புதினத்தின் வேலை. அரசனின் மெய்க்கீர்த்தி இருக்கும். அவன் காதலை ஆசிரியர் நிரப்பிக்கொள்வார். அதில் யாருக்கும் நட்டமில்லை.

என் பரிந்துரை: சான்றிடைப் புனைவு. சான்றுகளுக்கு இடையே நின்று, அவற்றை மீறாமல் புனைவது.

> இது நமக்கு எங்கே பயன்படும்?

இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1942–43-இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர். அங்கே இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளில் ஏறக்குறைய 7,000 பேருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கல்லறை வரிசையே இருக்கிறது, பெரும்பாலானவற்றில் பெயரோடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் இறந்தார்கள். எத்தனை பேர் என்பதற்கே மதிப்பீடுகள்தான், பெயர்ப்பட்டியலுக்கு எங்கே போவது? இதை நாவலாக்குபவர் ஒரு முனியாண்டியைப் படைத்து, அவனுக்குப் பிறப்பு முதல் சாவு வரை முழு வாழ்க்கை கொடுத்துவிட்டால், அவனைப் பற்றி யாருமே எழுதி வைக்கவில்லை என்ற உண்மை மறைந்துவிடும். அவன் இருந்திருக்கலாம் என்று எழுதுவது வேறு வகை எழுத்து. அதற்குத்தான் தனிச்சொல் கேட்கிறேன்.

ஒரு சிக்கல் உண்டு. ‘இடை’யை ஏழாம் வேற்றுமை உருபாக எடுத்து, ‘சான்றில் உள்ள புனைவு’, அதாவது பொய்ச்சான்று என்று யாராவது படிக்கலாம். ‘சான்றிடைவெளிப் புனைவு’ என்றால் இந்தக் குழப்பம் இராது. ஆனால் வாயில் நுழையாது. கட்டுரையில் முதல் இடத்தில் மட்டும் விரித்துச் சொல்லிவிட்டு, அப்புறம் சுருக்கத்தைப் பயன்படுத்தலாம் என்பது என் கட்சி. எழுதுபவரைச் ‘சான்றிடைப் புனைவாளர்’ எனலாம், இடிக்கவில்லை.