கவுன்ட்டரின் இரு பக்கமும்: அரசு அலுவலக அனுபவங்கள்

மனுதாரர்:
என் அம்மாவின் பெயர் ஒரு சான்றிதழில் ஓர் எழுத்துக் கூடுதலாக இருக்கிறது. அவ்வளவுதான் என் வழக்கு. அவர் இறந்த பிறகு அவருடைய வைப்புத் தொகையை என் பெயருக்கு மாற்றப் போனபோது அந்த எழுத்து கவுன்ட்டரில் இருந்தவரின் கண்ணில் பட்டது. "இரண்டு பெயரும் ஒருவரே என்று சான்று வாங்கி வாருங்கள்" என்றார். சான்று தரும் அலுவலகத்தில், "பிறப்புப் பதிவைத் திருத்திக்கொண்டு வந்தால் தருகிறோம்" என்றார்கள். பிறப்புப் பதிவு அலுவலகத்தில், "உரியவர் நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும்" என்றார்கள். உரியவர் இறந்துவிட்டதால்தான் நான் வந்திருக்கிறேன் என்றேன். "அப்படியானால் இறப்புச் சான்றில் இருப்பது இவர்தான் என்பதற்கு ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் அங்கிருந்தவர்.

யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. ஒவ்வொருவர் சொன்னதும் தனித்தனியே சரி. மூன்றையும் சேர்த்தால் வழியே இல்லை. லஞ்சம் கேட்டிருந்தாலாவது யாரைத் திட்டுவது என்று தெரிந்திருக்கும்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். உள்ளே வேலை பார்த்தவர்களும் சொல்லுங்கள். எனக்கு அதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

பழைய எழுத்தர்:
ஐயா, அந்த மூன்று மேசைகளில் எதில் நான் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

ஒரு மனு வந்தால் முதலில் தபால் பிரிவில் பதிவாகும். பிறகு பிரிவு எழுத்தரின் பதிவேட்டில் ஏறி எண் பெறும். அவர் குறிப்பு எழுதுவார்: மனுதாரர் இன்னது கேட்கிறார், விதி இன்னது சொல்கிறது, இணைப்புகள் இவை, ஆணைக்காகப் பணிந்து வைக்கப்படுகிறது. கண்காணிப்பாளர் சுருக்கொப்பமிடுவார். அதிகாரி கையெழுத்துப் போடுவார். பார்ப்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் ஆண்டுகள் கழித்துத் தணிக்கைக்காரர் வந்து அந்தக் கோப்பைப் புரட்டும்போது நீங்கள் வரிசையில் நின்றது அதில் இருக்காது. பெயர் வேறுபட்டிருக்க, எந்த ஆதாரத்தின் பேரில் ஒப்புக்கொண்டீர்கள் என்ற ஆட்சேபனை மட்டும்தான் எழும்.

தவறான சான்று கொடுத்தவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். ஓய்வூதியத்தில் பிடித்தம்கூட வரலாம். கொடுக்க வேண்டிய சான்றைக் கொடுக்காமல் மேசையில் வைத்திருந்தவருக்கு மிஞ்சிப்போனால் ஒரு நினைவூட்டுக் கடிதம் வரும். இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? சோம்பல் உண்டு, ஆணவம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் என் அனுபவத்தில் கோப்பை நிறுத்தி வைத்தது பெரும்பாலும் பயம்தான்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத இன்னொரு சூட்சுமம் சொல்கிறேன். மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் அனுப்ப வேண்டும். எத்தனை மனு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை பாக்கி. கேட்டது கிடைத்த மனுவும் முடிந்த கணக்கில்தான் சேரும். 'இன்ன ஆவணம் இணைக்கப்படவில்லை' என்று திருப்பி அனுப்பிய மனுவும் அதே கணக்கில்தான் சேரும். ஆகவே மாதம் முடியப் போகும் நேரத்தில் கேள்வி போட்டுத் திருப்பும் தபால்கள் குவியும். குறைகளை ஒரே தடவையில் ஏன் சொல்வதில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். திட்டமிட்டுத் தவணை முறையில் கேட்பவர்கள் சிலர் உண்டு. முதல் குறையைக் கண்டதும் மேலே படிப்பதை நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், தெரியும்.

எனக்கும் அது வந்தது. ஓய்வு பெற்றபோது என் ஓய்வூதியக் கருத்துரு திரும்பி வந்தது. பணியில் சேர்ந்த புதிதில் எடுத்த ஒரு விடுப்புக்கு எதிரே, பணிப்பதிவேட்டில் அன்றைய அதிகாரியின் கையொப்பம் இல்லையாம். 'உரிய அலுவலரின் மேலொப்பம் பெற்று அனுப்பவும்' என்று எழுதியிருந்தது. அந்த அலுவலர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. வாசகத்தின் நடை எனக்கு நன்றாகப் பழக்கமானது. என் பிரிவில் தொழில் கற்றுக்கொண்ட பெண் எழுதியது. ஒரு பிழை இல்லை.

பழைய சம்பளப் பட்டியலைத் தேடி எடுத்து, அந்த மாதத்துக்கு விடுப்புச் சம்பளம் வழங்கப்பட்டிருப்பதைக் காட்டி, இன்றைய அதிகாரியிடம் சான்று பெற்றேன். பட்டியலைக் கரையான் தின்னாதது என் அதிர்ஷ்டம். உங்களுக்கும் அதுதான் வழி. உங்கள் அம்மாவின் இரண்டு பெயர்களும் ஒரே முகவரியில், ஒரே பிறந்த தேதியோடு, பழைய அரசுப் பதிவு எதிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்துப் போடப்போகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தாள் வேண்டும். அதைக் கொடுத்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

மகள்:
என் அப்பாவின் ஓய்வூதியம் திடீரென்று நின்றது. ஆயுள் சான்று வந்து சேரவில்லையாம். அப்பா கைத்தடியோடு போய்க் கவுன்ட்டர் முன் நின்றார். "நீங்கள் இருப்பது தெரிகிறது ஐயா, சான்று இருப்பதுதான் தெரியவில்லை" என்றாராம் அங்கிருந்த இளைஞர். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கரைச் சேர்ந்த லால் பிகாரி கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நிலத்துக்காக உறவினர்கள் செய்த வேலையால் 1975-இல் வருவாய்ப் பதிவேட்டில் அவர் இறந்தவர் ஆனார். தான் உயிரோடு இருப்பது ஏதாவது ஒரு பதிவில் ஏறட்டும் என்று ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில்கூட நின்றார். தம்மைப் போன்றவர்களுக்காக ஒரு 'இறந்தோர் சங்கம்' வைத்தார். 1994-இல்தான் பதிவேட்டில் உயிர் பெற்றார். ருமேனியாவில் கான்ஸ்டான்டின் ரெலியு என்பவர் துருக்கியில் வேலை பார்த்துவிட்டு 2018-இல் ஊர் திரும்பியபோது, மனைவி அவருக்கு இறப்புச் சான்று வாங்கியிருந்தது தெரிந்தது. நீதிமன்றத்துக்குப் போனார். எதிரில் நின்ற மனிதரிடமே, மேல்முறையீடு காலங்கடந்து வந்திருக்கிறது என்று மனுவைத் தள்ளுபடி செய்தார்கள்.

பழைய எழுத்தர் ஐயா சொல்லும் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கண்ணெதிரே நிற்கும் ஆளை ஆதாரமாக எடுத்துக்கொள்ள என்ன பயம்?

கவுன்ட்டரில் இருப்பவள்:
அக்கா, அந்த இளைஞரிடம் இருந்த கணினித் திரையில் "நேரில் பார்த்தேன்" என்று பதிவதற்குக் கட்டமே இருந்திருக்காது. என் திரையில் இல்லை.

சர்வர் நின்றுவிட்டால் திட்டு வாங்குவது நான். விதியை மாற்றிச் சுற்றறிக்கை வந்தால் அதைப் பொதுமக்கள் செய்தித்தாளில் படித்துவிட்டு என்னிடம் வந்து சொல்கிறார்கள். எனக்கு அது அதற்குப் பிறகுதான் வருகிறது. என் எதிரே வரிசை கதவுக்கு வெளியே போகிறது, பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கிறது. மாடியில் மட்டும் ஆள் கூடிக்கொண்டே போகிறார்கள். அங்கிருந்து எங்களிடம் அறிக்கை கேட்கிறார்கள். ஏன் தாமதம் என்று ஓர் அறிக்கை. அதை எழுதும் நேரத்தில் வரிசை இன்னும் நீளுகிறது.

1955-இல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன், வேலை குறைந்தாலும் அலுவலர்கள் பெருகுவதைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின் கணக்கு வருகிறது. 1914-இல் பணியிலிருந்த பெரும் போர்க்கப்பல்கள் 62, 1928-இல் 20. அதே காலத்தில் தலைமையக அலுவலர்கள் 2,000-இலிருந்து 3,569 ஆனார்கள். கேலிக்காக எழுதியது என்பார்கள். எங்கள் மாடியை வந்து பாருங்கள்.

கோபக்காரர்:
எல்லோரும் பயம், பயம் என்கிறீர்கள். இடைத்தரகரோடு போனால் அதே மேசையில் அதே நாளில் அந்தப் பயம் எங்கே போகிறது? என் மனுவுக்கு இல்லாத ஆவணம், அவர் கொண்டுவந்த மனுவுக்கும் இல்லை. அது மட்டும் நகர்ந்தது.

பழைய எழுத்தர்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. பயத்தை விற்றுக் காசாக்குகிறவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள்.

மென்பொருள்காரர்:
நான் அரசுத் துறை ஒன்றுக்கு ஒப்பந்தத்தில் இணைய விண்ணப்பம் செய்து கொடுத்தவன். காகித விண்ணப்பத்தில் இருந்த கேள்விகள் எல்லாம் அப்படியே திரையிலும் வர வேண்டும் என்றார்கள். அந்தத் துறையே கொடுத்த சான்றிதழின் எண்ணைக் கேட்டுவிட்டு, அதன் நகலையும் பதிவேற்றச் சொல்லும் கட்டம் ஒன்று இருந்தது. எண் இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாமே என்றேன். "அது வேறு பிரிவு" என்றார்கள். கடைசியில் இன்னொரு பக்கமும் சேர்க்கச் சொன்னார்கள்: 'இந்த விண்ணப்பத்தை அச்சிட்டு, கையொப்பமிட்டு, அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்கவும்.' திட்டம் வெற்றி என்று விழா எடுத்தார்கள். எனக்கும் பூங்கொத்து கிடைத்தது.

எஸ்டோனியாவில் 2001 முதல் துறைகளின் தரவுத் தளங்களை எக்ஸ்-ரோடு என்ற அமைப்பு இணைக்கிறது. ஒரு முறை கொடுத்த விவரத்தை அரசு மறுபடி குடிமகனிடம் கேட்கக் கூடாது என்பது அங்கே கொள்கை. அந்தக் கொள்கையை விட்டுவிட்டுக் கணினியை மட்டும் வாங்கினால் பழைய மேசை கண்ணாடித் திரையாகிறது, அவ்வளவுதான்.

கணினி வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்களுக்கு நெதர்லாந்தைச் சொல்வேன். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய ஆயிரக்கணக்கான பெற்றோர் மீது தவறாக மோசடிப் பட்டம் விழுந்தது. ஒரு கையொப்பம் விடுபட்டது போன்ற சிறு குறைக்குக்கூட முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டார்கள். பலர் கடனாளி ஆனார்கள். 2021 ஜனவரியில் அந்த நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது. இவர் பாவம், இதில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று யோசிக்கும் இடம் நிரலில் எங்கும் இல்லை. நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் அது எனக்குத் தெரியும். யாரும் அப்படி ஓர் இடம் வைக்கச் சொல்லி என்னிடம் கேட்டதே இல்லை.

ஆசிரியை:
மனுதாரர் நண்பருக்கு என் அனுபவம் உதவலாம். என் பணி நியமனம் தொடர்பான ஒரு விண்ணப்பத்தை வாங்கவே மாட்டேன் என்றார்கள். "வாங்க முடியாது" என்று வாயால் சொல்வது அவர்களுக்கு எளிது. ஏனென்றால் வாங்காத மனுவுக்கு எண் இல்லை. எண் இல்லாதது நிலுவையிலும் இல்லை. இது பழைய எழுத்தர் ஐயா சொன்ன கணக்கோடு பொருந்துகிறது.

நான் சண்டை போடவில்லை. "சரி, எந்த விதியின்படி வாங்க முடியாது என்று இதே தாளின் கீழே எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள், போய்விடுகிறேன்" என்றேன். எழுத்தர் உள்ளே போனார். கண்காணிப்பாளரோடு திரும்பி வந்தார். எழுதிக் கொடுத்தால் அது ஒரு கையெழுத்து அல்லவா? இப்போது மறுப்பதற்கும் பயம் வந்துவிட்டது. மனுவை வாங்கிக்கொண்டு நகலில் முத்திரை போட்டுக் கொடுத்தார்கள்.

அதன் பிறகும் தூங்கியது. நீங்கள் இந்தியாவில் இருந்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 'இன்ன எண்ணுள்ள என் மனு எந்தெந்தத் தேதியில் யார் யாரிடம் இருந்தது, குறிப்புப் பக்கங்களின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். காரணமின்றித் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000 ரூபாய் வரை அந்தத் தகவல் அலுவலர் மீதே தண்டம் விதிக்கலாம். நான் பார்த்தவரையில் தாமதத்துக்கு ஆளைக் குறிப்பிட்டு விலை வைத்த சட்டங்கள் மிகக் குறைவு. தண்டம் உண்மையில் விதிக்கப்படுவது அரிது என்கிறார்கள்; இருக்கட்டும். என் விஷயத்தில் குறிப்புப் பக்கங்களின் நகல் வருவதற்கு முன்னால் நியமன ஆணை வந்துவிட்டது. நகல் இன்னும் வரவில்லை. அதற்கு ஒரு மேல்முறையீடு போட்டிருக்கிறேன்.