புதுப்பிப்பு: உப்புவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் பாய்ப்படகில்

சித்திரைக் கடைசியில் திருகோணமலைப் பக்கம் பாய் விரித்து ஓடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். "விடியமுன் இறங்குங்கோ, மத்தியானத்துக்குப் பிறகு மேற்கைப் பாருங்கோ" என்றவர்களுக்கு நன்றி. திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு என்ற சிறு தீவுக்குப் போய்வந்துவிட்டோம்.

விடியலில் கரைக்காற்று மெல்லத் தள்ளியது. கோணேசர் மலை பின்னால் சிறுத்துவர, டொல்பின் கூட்டம் ஒன்று! தண்ணீரை விட்டெழும்பி, பம்பரம்போல் உடம்பைச் சுழற்றிப் பக்கவாட்டில் விழுந்தன. எஞ்சின் ஓடாததால் அவை மூச்சுவிடும் 'புஸ்' கூடக் கேட்டது. திமிங்கிலம் காணவில்லை. கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்டவே ஆழமாக இறங்குவதால் அவை இந்தக் கடலுக்கு வருகின்றன. ஆனாலும் அவற்றைக் காண இன்னும் வெளியே போகவேண்டும், சிறு பாய்ப்படகில் அது சரிவராது.

புறாத்தீவில் ஆழமில்லாத தண்ணீரில் சிறு சுறாக்கள், முதுகுச் செட்டையின் நுனி மட்டும் மை தொட்ட கறுப்பு. 2003இலிருந்து தேசியப் பூங்கா அது. தயவுசெய்து பவளத்தில் கால் வைக்காதீர்கள்.

திரும்பும்போது கடற்காற்றில் படகு சாய்ந்தே ஓடியது. அப்புறம் காற்று சட்டென்று விழுந்தது. மேற்கே கருமுகில். "தம்பி, பாயை இறக்கும்!" என்று படகோட்டி அண்ணை சொல்லி முடிக்கமுன் கரையிலிருந்து குளிர்காற்று அறைந்தது, பின்னாலேயே மழை. எஞ்சினைப் போட்டுத்தான் கரை சேர்ந்தோம்.

பிள்ளைகளோடு போகலாமா என்று கேட்டவருக்கு: போகலாம். உயிர்காப்பு அங்கியைக் கழற்ற விடாதீர்கள், தீவிலிருந்து பத்து மணிக்கே கிளம்பிவிடுங்கள்.