மவுஸை வைத்து உடைந்த போனை இயக்க வழி உண்டா?

நண்பர்களே, அவசரமாக ஒரு உதவி. என் ஆண்ட்ராய்டு போன் கீழே விழுந்ததில் திரையின் கீழ்ப்பாதியில் டச் செத்துவிட்டது. படம் மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

எஸ்சிஆர்சிபிஒய் என்று எழுதி ‘ஸ்க்ரீன் காப்பி’ என்று வாசிப்பார்களே, அந்த இலவச மென்பொருளை விண்டோஸ் 10 லேப்டாப்பில் போட்டேன். யுஎஸ்பி டீபக்கிங் (கேபிள் வழியாகக் கணினி போனை அணுக விடும் அமைப்பு) ஏற்கெனவே ஆன் செய்திருந்ததால் போன் திரை அப்படியே லேப்டாப்பில் வந்துவிட்டது. ஆனால் மவுஸால் எதைத் தட்டினாலும் அசையவில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘செக்யூரிட்டி செட்டிங்ஸ்’ என்று இன்னொரு டீபக்கிங் சுவிட்ச் இருக்கிறது. அதையும் போட்டால்தான் கன்ட்ரோல் கிடைக்கும்போல. அதை ஆன் செய்தால் வரும் ‘அனுமதி’ பட்டன் சரியாகச் செத்த பகுதியில் நிற்கிறது! போனைத் திருப்பினாலும் செட்டிங்ஸ் திரை திரும்பவில்லை.

இதே மென்பொருளின் ஓடிஜி முறைக்கு (லேப்டாப் மவுஸை, போனிலேயே செருகியதுபோல் வேலை செய்ய வைப்பது) டீபக்கிங்கே வேண்டாமாம். யாராவது செய்திருக்கிறீர்களா? விண்டோஸில் அதற்கு முன் ஏடிபியை (டீபக்கிங் வழியாகப் போனோடு பேசும் பின்னணி நிரல்) நிறுத்த வேண்டுமா? இல்லை, ஓடிஜி கேபிளில் (மவுஸ் போன்றவற்றைப் போனோடு இணைக்கும் கேபிள்) நேரடியாக மவுஸைச் செருகினாலே போதுமா?

கடையில் ரீசெட் செய்யச் சொல்கிறார்கள். மறைந்த அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இதில்தான் இருக்கிறது, பேக்கப் இல்லை. தெரிந்தவர்கள் ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள், ப்ளீஸ்.