எஸ்பிளனேடில் அப்பா வாய்விட்டுப் படித்த தமிழ்ப் பட்டயம்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகியும், எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கும் எண்கோண நினைவுக் கோபுரத்தின் அருகில் நான் ஒருநாளும் நின்றதில்லை. சென்ற ஆண்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரான கோப்பெங்கிலிருந்து வந்திருந்த அப்பாவை மாலை நடைக்கு அழைத்துப்போனபோது, அங்கிருக்கும் நான்கு வெண்கலச் சிங்கங்களைச் சுற்றிவந்த அவர் ஓரிடத்தில் நின்று, "இங்க வாய்யா, தமிழ்ல எழுதியிருக்கு" என்று கூப்பிட்டார். ஆங்கிலம், சீனம், ஜாவி (அரபு எழுத்தில் எழுதும் மலாய்) ஆகியவற்றோடு தமிழிலும் ஒரு பட்டயம் அங்கே பதிக்கப்பட்டிருக்கிறது. அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெண்கல எழுத்துகளின் மேல் விரலை நகர்த்தியபடி வரிவரியாக வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும், "இவரைப் பிடிச்சது நம்ம ஊர்லதான்" என்றார். அவர் சொன்னது, அந்த நினைவுக் கோபுரம் யாருக்காக எழுப்பப்பட்டதோ அந்த லிம் போ செங்கை; இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரை எதிர்த்து உயிர்விட்ட சிங்கப்பூர்க்காரர்.

அதன் பிறகு அவரைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் பல மாதங்கள் தேடிப் படித்தேன். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன், மனைவியையும் ஏழு குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தப்பிச்சென்ற வணிகர் அவர்; ஏற்கெனவே ஜப்பானியரை எதிர்த்து வேலைசெய்துவந்தவர். தங்கியிருந்தால் தம்மோடு சேர்த்துக் குடும்பமும் அழியும் என்று அவருக்குத் தெரியும். இந்தியாவுக்குப் போய், பிரிட்டிஷாரின் ஃபோர்ஸ் 136 என்னும் இரகசியப் பிரிவுக்குச் சீன இளைஞர்களைத் திரட்டினார். அவர்களுக்குப் பூனாவுக்கு அருகில் பயிற்சி தரப்பட்டது. 1943 மே மாதம் ஜான் டேவிஸ் என்னும் பிரிட்டிஷ் அதிகாரியும் ஐந்து சீன வீரர்களும் டச்சு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கடற்கரையில் இறங்கினார்கள். அவ்வாண்டு நவம்பரில் லிம் போ செங்கும் அதே கடல்வழியாக வந்து, டான் சூன் லிம் என்ற பெயரில் ஊருக்குள் நடமாடத் தொடங்கினார்.

பீடோருக்கு மேலே மலைக்காட்டில் அவர்களுடைய முகாம் இருந்தது. 1943 முடியும் தறுவாயில், ஜப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுப் படையோடு அங்கேதான் உடன்பாடு கண்டார்கள். ஈப்போவில் ஒரு மளிகைக் கடையை நடத்திக்கொண்டே அவர்களுடைய ஆட்கள் உளவு சேகரித்தார்கள். என் மனத்தை மிகவும் உறுத்தியது ஆயுதப் பற்றாக்குறையன்று, வானொலிக் கருவியின் பாரம்தான். அவ்வளவு கனமான கருவியை மலையேற்றி இயக்க முடியாமல் போனதால், 1945 தொடக்கம்வரை தலைமையகத்தோடு கம்பியில்லாத் தொடர்பே கிடைக்கவில்லை. செய்தியோ பணமோ, எதுவானாலும் ஓர் ஆள் மலையிறங்கிச் சாலையில் நடந்தும், படகேறிப் போய் நீர்மூழ்கிக் கப்பலைக் கடலில் சந்தித்தும்தான் சேர்க்கவேண்டும் என்ற நிலைமை. அத்தனை பேருடைய உயிரும் ஒருவர் மற்றவரின் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்தான் தங்கியிருந்தது.

அந்தச் சாலைகள் எப்படி இருந்தன என்பதைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். காவலுக்கு நிற்கும் ஜப்பான்காரனுக்குத் தலைகுனியாமல் போனால் கன்னத்தில் அறை விழும். சாக்கில் மரவள்ளிக்கிழங்கு இருந்தாலும் கொட்டிக் காட்டவேண்டும். ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தாலும் அரிசி கிடைக்காது. ரப்பர் தோட்டத்துத் தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்கு லாரிகளில் ஏற்றிப்போனதும் அதே காலத்தில்தான். அப்படிப்பட்ட சாலையில், பொய்ப்பெயர் தாங்கிய தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முகத்தில் எதுவும் தெரியாமல் தலைகுனிந்து கடந்துபோவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

1944 மார்ச் மாதம் பங்கோர் தீவை ஜப்பானியர் சல்லடையாகச் சலித்தார்கள். இக்குழுவினருக்குப் படகு கொடுத்து உதவிய மீனவர் ஒருவர் பிடிபட, அவர் வாயிலிருந்து வந்த செய்தியைக் கொண்டு அடுத்தவர், அவரைக் கொண்டு மற்றவர் என்று சில நாள்களுக்குள் அவர்களுடைய உளவு வலையே அறுந்துபோனது. (அடிதாங்காமல் பேசியவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.) முகாமிலிருந்து இறங்கிவந்திருந்த லிம் போ செங், கோப்பெங்கில் சாலைத் தடுப்பில் சிக்கினார். சின்ன வயதில் நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்வந்த அதே ஊர்ச் சாலையில்!

ஈப்போவில் கெம்பெய்தாய் எனப்பட்ட ஜப்பானிய இராணுவப் போலீசார் அவரை வதைத்தார்கள். அவரோ யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பத்து காஜா சிறையில் தமக்குக் கிடைத்த அற்ப உணவையும் உடனிருந்த கைதிகளுக்குப் பகிர்ந்துகொடுத்தார். வயிற்றுக்கடுப்பால் நலிந்து, 1944 ஜூன் 29 அன்று முப்பத்தைந்தாம் வயதில் உயிர்விட்டார். போர் முடிந்தபின் மனைவி கான் சூ நியோவுக்கு இந்தச் செய்தி வந்தது. மூத்த மகனோடு போய், சிறைக்கருகில் புதைக்கப்பட்டிருந்த கணவரின் எச்சங்களை அவர் எடுத்துவந்தார். 1946 ஜனவரி 13 அன்று மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தருகே இராணுவ மரியாதையோடு நல்லடக்கம் நடந்தது. எஸ்பிளனேட் நினைவுச்சின்னம் சரியாகப் பத்தாம் நினைவுநாளில், 1954 ஜூன் 29 அன்று, திறந்துவைக்கப்பட்டது.

மறுநாள் காலை மெக்ரிச்சிக்குப் போகவேண்டும் என்று அப்பாவே கேட்டார். தண்ணீர் ஓரமாகவே நடந்து கல்லறையை அடைந்ததும், காலணிகளைக் கழற்றிவிட்டு நெடுநேரம் கைகூப்பி நின்றார். திரும்பும் வழியில், "ஏழு பிள்ளைங்கன்னு போட்டிருந்துச்சே, அதுல கடைசிக்கு என்ன வயசு இருந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.